நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போகும் பூனை: காரணம் என்னவாக இருக்கும்?

செம்பனைச்சாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய தாமான் ஒன்றில் குடியிருக்கிறோம். எங்கள் பூனை செல்லிக்கு 12 வயது நிறைந்துவிட்டது. குட்டியிலேயே கருத்தடை செய்யப்பட்டவள். சென்ற ஆண்டு தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது 4.6 கிலோ இருந்தாள். இப்போது 3.7 கிலோதான் இருக்கிறாள். சாப்பாட்டில் எந்தக் குறையும் இல்லை. முன்பைவிட அதிகமாகவே சாப்பிடுகிறாள். தட்டு காலியானதும் அடுப்படிக்கு வந்து காலைச் சுற்றிக்கொண்டு கத்துகிறாள். ஆனால் முதுகைத் தடவினால் தண்டெலும்பின் ஒவ்வொரு கணுவும் விரலில் தட்டுகிறது. நடு இரவில் கூடத்தில் நின்று உரக்கக் குரல் கொடுக்கிறாள். குளியலறை வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடிப்பதையும் அண்மையில்தான் கவனித்தேன்.

வயதாகிவிட்டது, வெயிலும் அதிகம், மெலியத்தான் செய்யும் என்கிறார் என் கணவர். பூச்சி மருந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ஈப்போவுக்குக் கொண்டுபோவதற்கு முன் எவற்றைக் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும், என்னென்ன பரிசோதனைகளைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

லயத்துவீட்டுப் பிள்ளை எழுதியது:

அக்கா, உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தோட்டப்புறத்தில் வளரும் பூனை எலியைத் தின்னும், மண்ணில் புரளும், உண்ணியும் தெள்ளும் ஏறும். வயிற்றில் பூச்சி இல்லாமல் இருக்க வழியே இல்லை. என் பாட்டி லயத்தில் இருந்த காலத்தில் சோற்றையும் அவித்த கெம்போங் மீனையும் பிசைந்து போட்டே பூனைகளை வளர்த்தார். ஒன்றுகூட மருத்துவரைப் பார்த்ததில்லை. எல்லாம் நெடுநாள் வாழ்ந்தன. முதலில் பூச்சி மருந்தைக் கொடுத்துப் பாருங்கள். சில வாரங்களில் எடை ஏறவில்லை என்றால் அப்புறம் செலவு செய்யலாம்.

பழைய டிரஸர் எழுதியது:

தோட்ட மருத்துவமனையில் டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கால்நடை மருத்துவம் படித்தவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எங்கள் வீட்டில் வயதான பூனைகள் இரண்டின் நோயைக் கடைசிவரை இருந்து கவனித்தவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அம்மா, 4.6 கிலோவில் 900 கிராம் போய்விட்டது என்றால் உடலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண் ஓராண்டுக்குள் நாற்பது கிலோவாகிவிட்டால் அதை வயது என்றோ வெயில் என்றோ யாரும் விட்டுவிட மாட்டோம். நாமாகத் தீனியைக் குறைக்காமல் பூனையின் எடை பத்து விழுக்காடு குறைந்தாலே அது காரணம் தேட வேண்டிய குறி என்றுதான் மருத்துவர்கள் கொள்கிறார்கள். பூனை சிறிய உடம்பு. இருநூறு, முந்நூறு கிராம் இறங்குவது கண்ணுக்குத் தெரியாது, உரோமம் மறைத்துவிடும். கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் நிறையப் போயிருக்கும்.

அடுத்து, "நன்றாகச் சாப்பிடுகிறதே" என்பது ஆறுதல் தரும் செய்தி அன்று. நோயின் திசையைக் காட்டும் செய்தி அது. சாப்பிடாமல் மெலிவது ஒரு வழி, சாப்பிட்டும் மெலிவது வேறு வழி. சாப்பிட்டும் மெலியும் பத்து வயதைத் தாண்டிய பூனையில் முதலில் நினைக்க வேண்டியவை தைராய்டு மிகைச்சுரப்பு, நீரிழிவு, குடல் நோய் ஆகியவை. இவற்றில் எதையும் பூச்சி மருந்து தொடாது.

கிளினிக் மேசை எழுதியது:

ஐயா சொன்னதோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். ஈப்போவில் ஒரு கால்நடை கிளினிக்கில் உதவியாளராக வேலை செய்கிறேன். நோயை உறுதி செய்வது மருத்துவரின் வேலை. ஆனால் இத்தகைய பூனைகளைத் தினமும் எடை போட்டுப் பிடித்துக் கொடுப்பவள் என்பதால் எதை எதற்காகப் பார்க்கிறார்கள் என்று விளக்க முடியும்.

செம்பனைச்சாலை அக்கா சொன்ன அறிகுறிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் தைராய்டின் சாயல் நன்றாகத் தெரிகிறது. பூனைகளில் இந்த நோய் 1979 ஆம் ஆண்டு வாக்கில்தான் முதன்முதலாக மருத்துவ இலக்கியத்தில் விவரிக்கப்பட்டது. இன்றோ வயதான பூனைகளுக்கு மிகப் பரவலாக வரும் சுரப்பி நோய் இதுதான். கழுத்தில் உள்ள தைராய்டுச் சுரப்பியில், பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத ஒரு கட்டி வளர்ந்து, தேவைக்கு மேல் சுரக்கத் தொடங்குகிறது. உடல் ஓயாமல் எரிசக்தியைச் செலவழிப்பதால், தின்றது எல்லாம் கரைந்து தசையும் கரைகிறது. பசி கூடும், அமைதியின்மை வரும், இரவில் குரல் கொடுக்கும், சில பூனைகள் வாந்தி எடுக்கும், இதயத் துடிப்பு விரையும். தைராய்டுச் சுரப்பை அளக்கும் டி4 என்ற இரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தண்ணீர் அதிகமாகக் குடிப்பது தைராய்டிலும் வரும், நீரிழிவிலும் வரும், சிறுநீரக நோயிலும் வரும். ஆகவே அந்த ஒன்றை வைத்துப் பிரிக்க முடியாது. இருந்தாலும் அளந்து வைப்பது நல்லது. காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்து கழித்துக்கொள்ளுங்கள். குளியலறைக் கதவைச் சாத்திவையுங்கள். ஒரு நாளில் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 100 மில்லி லிட்டருக்கு மேல் போனால் அது ஐயமில்லாமல் மிகை.

சிறுநீரகத்தைப் பற்றி ஒன்று. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு இரத்தத்தில் உயர்ந்து காட்டுவதற்குள் சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போயிருக்கும். எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு அளவு அதைவிட முன்னதாக உயரும். பிற்காலத்தில் சிறுநீரக நோய் கண்டுபிடிக்கப்பட்ட பூனைகளின் பழைய எடைக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, நோய் தெரிவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பிருந்தே எடை இறங்கத் தொடங்கியிருந்தது தெரியவந்தது. எடைக் குறிப்பு ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

லயத்துவீட்டுப் பிள்ளை எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. ஆனால் பூச்சியை அப்படியே ஒதுக்கிவிடலாம் என்று சொல்கிறீர்களா? எங்கள் வட்டாரத்தில் குட்டிகள் வயிறு உப்பி, உடம்பு காய்ந்து திரிவதைத் தினமும் பார்க்கிறேன். பாட்டியின் பூனைகள் நன்றாக இருந்ததற்கும் காரணம் சொல்லுங்கள்.

கிளினிக் மேசை எழுதியது:

ஒதுக்கவில்லை, தம்பி. குட்டிகளில் நீங்கள் சொல்வதுதான் முதல் காரணம். உருண்டைப்புழு வயிற்றை உப்ப வைக்கும். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சும். ஈறு வெளுத்துப்போவதைக் கண்டு அதை ஊகிக்கலாம். நம் வட்டாரத்துப் பூனை, நாய்களில் உள்ள ஒருவகைக் கொக்கிப்புழு மனிதரின் குடலிலும் குடியேறக்கூடியது. வெறுங்காலோடு மண்ணில் விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதற்காகவே முறையாக மருந்து கொடுக்க வேண்டும். வாலடியிலோ படுக்கையிலோ அரிசி போல ஒட்டிக்கிடப்பவை நாடாப்புழுவின் துண்டுகள். தெள்ளை விழுங்குவதால் வருவது அது. எனவே தெள்ளை ஒழிக்காமல் மருந்தை மட்டும் கொடுத்தால் திரும்பத் திரும்ப வரும்.

ஆனால் நல்ல தீனி தின்னும் பெரிய பூனை ஒன்று, பூச்சியால் மட்டுமே ஐந்தில் ஒரு பங்கு எடையை இழப்பது அரிது. புதிதாகக் கழித்த மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்து வந்தால் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். மருந்து கொடுப்பதில் தவறில்லை, கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்தைப் பூனைக்கு ஊற்றவே கூடாது. அவற்றில் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையின் நரம்பைத் தாக்கிக் கொன்றுவிடும். அதைப் போலவே, பூனை சோர்ந்திருக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பானடோலில் ஒரு துண்டைக் கொடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள பாராசிட்டமோல் பூனைக்கு நஞ்சு.

பாட்டியின் பூனைகளைப் பற்றிக் கேட்டீர்கள். அவை சோற்றால் மட்டும் வாழவில்லை. தோட்டத்து எலிகளைத் தின்றன. பூனைக்குத் தௌரின் என்ற சத்து இறைச்சியிலிருந்து கிடைத்தே ஆக வேண்டும். அதன் உடலால் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது. தௌரின் குறைந்தால் கண் மங்கும், இதயத் தசை தளர்ந்து விரியும். இதயத்துக்கும் தௌரினுக்கும் உள்ள தொடர்பு 1987 இல் வெளிவந்த பிறகுதான் தீனி உற்பத்தியாளர்கள் அதன் அளவைக் கூட்டினார்கள். முழு எலியில் அது தாராளமாக இருக்கிறது. இன்று வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு, பாதிக்கு மேல் சோறு, சிறிது அவித்த மீன் என்று போட்டால் வயிறு நிறையும், தசைக்கு வேண்டிய புரதம் சேராது. பச்சை மீனையே தொடர்ந்து கொடுப்பதும் தவறு. சில மீன்களில் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் உண்டு.

அறிவியல் ஆசிரியை எழுதியது:

கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்துப் பொட்டலமாகக் கட்டி விற்கும் உலர்தீனியைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நம் புழுக்கத்தில் அதன் கொழுப்பு விரைவில் காறிப்போகிறது. பூனை மோந்துவிட்டு விலகும். பொட்டலத்தில் காலாவதித் தேதியும் இருப்பதில்லை. சாப்பிட மறுக்கும் பூனையைச் சந்தேகிப்பதற்கு முன் தீனியை மோந்து பார்ப்பது நல்லது.

இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன். என் பூனை தட்டை நோக்கி ஆவலோடு ஓடுகிறது. ஒரு வாய் கடிக்கிறது. உடனே தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, பாதி மென்ற தீனியைக் கீழே போட்டுவிட்டு, முன்னங்காலால் வாயோரத்தைத் தேய்க்கிறது. பிறகு தட்டின் அருகிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. இதற்குப் பசி இல்லை என்றுதான் வீட்டில் உள்ளவர்கள் சொல்கிறார்கள்.

பழைய டிரஸர் எழுதியது:

அம்மா, நீங்கள் வரைந்து காட்டியது பசியின்மை அன்று, வலி. பசியுள்ள பூனைதான் தட்டுக்கு ஓடும். பல்லின் வேர்ப்பகுதியை உடலே அரித்துக் கரைத்துவிடும் ஒரு நோய் பூனைகளுக்குப் பரவலாக வருகிறது. ஈறுவரை குழிந்து நரம்பைத் தொட்டுவிடும். வாயழற்சியும் அப்படித்தான், உமிழ்நீர் ஒழுகும், வாய் நாறும். எங்கள் பூனைக்கு அந்தப் பற்களைப் பிடுங்கிய பிறகு, பல்லே இல்லாமல் ஈரத்தீனியைத் தின்று உடம்பு தேறியது. மயக்க மருந்து கொடுத்துத்தான் வாயை முழுமையாகப் பார்க்க முடியும், அதற்கு அஞ்ச வேண்டாம். முன்னதாக இரத்தம் எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

மாடிவீட்டுத் தம்பி எழுதியது:

இந்த இழையைப் படித்ததும் என் ஐயத்தையும் கேட்கத் தோன்றியது. தோட்டத்தை விற்ற பிறகு நாங்கள் மலிவுவிலை அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தோம். எங்கள் பூனை 7 கிலோ, மிகவும் கொழுத்திருந்தது. குறைக்கச் சொன்னார்கள் என்பதால் தீனியைப் பாதியாக்கினோம். இடம் மாறியதிலிருந்து அது அலமாரிக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது, நேற்று முன்தினத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றும் தின்னவில்லை. எப்படியும் குறைக்க வேண்டியதுதானே, இது நல்லதற்குத்தானே என்று அம்மா கேட்கிறார்.

கிளினிக் மேசை எழுதியது:

தம்பி, இது நல்லதற்கு அன்று. இதைப் படித்தவுடன் மருத்துவருக்கு அழையுங்கள், நாளைக்கு ஒத்திப்போடாதீர்கள்.

கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே, உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு வெள்ளமாகக் கல்லீரலுக்குப் போய் அங்கே படிந்துவிடும். பூனையின் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது. கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும், குமட்டலால் இன்னும் தின்னாது, தின்னாததால் இன்னும் கொழுப்புப் படியும். காதின் உட்புறமும் ஈறும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகிவிட்டால் நோய் முற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கழுத்துவழிக் குழாய் வைத்து வாரக்கணக்கில் ஊட்டினால் பிழைக்க வைக்கலாம், காலம் தாழ்த்தினால் இழக்க நேரும்.

கொழுத்த பூனையின் எடையைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் இரண்டு விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 7 கிலோ பூனைக்கு அது 35 முதல் 140 கிராம்வரை. அதையும் மருத்துவர் கணக்கிட்டுக் கொடுக்கும் அளவில், தினமும் தின்கிறதா என்று பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். வீடு மாறிய அச்சத்தால் ஒடுங்கியிருக்கும் பூனைக்கு முதலில் ஒரு சிறு அறையை ஒதுக்கி, பழைய படுக்கைத் துணி, தண்ணீர், மணல் தட்டு, தீனி எல்லாவற்றையும் அங்கேயே வைத்துக் கொஞ்ச நாள் விடுங்கள். துணியைத் துவைக்காதீர்கள், பழைய வீட்டு வாடைதான் அதற்குத் தைரியம். ஆனால் இவை எல்லாம் மருத்துவரைப் பார்த்த பிறகுதான்.

மாடிவீட்டுத் தம்பி எழுதியது:

இன்றே கொண்டுபோய்விட்டோம். கல்லீரல் அளவுகள் உயர்ந்திருக்கின்றன, மஞ்சள் இன்னும் ஏறவில்லை என்றார் மருத்துவர். குமட்டலுக்கும் பசிக்கும் மருந்து கொடுத்து, அங்கேயே வைத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் நன்றி.

பழைய டிரஸர் எழுதியது:

நல்ல வேளை, தம்பி. தொடர்ந்து எழுதுங்கள்.

செம்பனைச்சாலை அம்மாவுக்கு, வீட்டிலேயே செய்யக்கூடியவற்றைச் சொல்லிவிடுகிறேன். மனிதர் ஏறி நிற்கும் எடைக் கருவியில் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று கழித்துப் பார்ப்பது ஓரளவுக்குத்தான் சரியாக வரும்; நூறு, இருநூறு கிராம் அதில் தொலைந்துபோகும். கைக்குழந்தையை நிறுக்கும் தராசு கிடைத்தால் அதுவே சிறந்தது. ஒரே கூடை, ஒரே தராசு, காலைத் தீனிக்கு முன்பு என்று வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை நாட்காட்டியிலேயே எழுதிவாருங்கள். விலா எலும்பின் மேல் உள்ள கொழுப்பை மட்டும் தடவிப் பார்த்தால் போதாது. முதுகெலும்பின் இரு பக்கமும், தோள்பட்டையிலும், இடுப்பிலும் தசை இருக்கிறதா என்று தடவுங்கள். வயிறு தொங்கிக் குண்டாகத் தெரியும் பூனையின் முதுகுத் தசை கரைந்துபோயிருக்கலாம்.

சிறுநீர்த் தட்டில் எறும்பு மொய்க்கிறதா என்றும் பாருங்கள். எறும்பு வந்தால் நீரிழிவு என்றோ, வராவிட்டால் இல்லை என்றோ முடிவுகட்டக் கூடாது, ஆனால் மருத்துவரிடம் சொல்லத்தக்க செய்திதான். கிளினிக்கில் பூனை மிரண்டாலே சர்க்கரை ஏறிவிடும். அதனால் கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமின் பரிசோதனையையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

அறிவியல் ஆசிரியை எழுதியது:

வெளியே திரிந்து சண்டையிடும் ஆண் பூனைகள் மெலிந்தால் வைரஸ் பரிசோதனையையும் கேட்க வேண்டும் அல்லவா?

கிளினிக் மேசை எழுதியது:

ஆம். கடியால் பரவும் எதிர்ப்புச்சக்திக் குறைவு வைரஸ், பூனை இரத்தப்புற்று வைரஸ் இரண்டுக்கும் ஒரே அட்டையில் சில துளி இரத்தத்தை வைத்துப் பார்த்துவிடலாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட பூனை, விடாத காய்ச்சலோடு மெலிந்து வயிற்றில் நீர் கோத்தால் பூனைக் கொரோனா வைரஸால் வரும் எஃப்ஐபி என்ற நோயை நினைக்க வேண்டும். ஒரு காலத்தில் கைவிடப்பட்ட நோய் அது, இன்று ஜிஎஸ்-441524 என்ற மருந்தால் பெரும்பாலான பூனைகள் பிழைக்கின்றன. இரத்தம், சிறுநீர் எல்லாம் சரியாக இருந்தும் மெலிவும் வாந்தியும் தொடர்ந்தால், வயிற்றை ஸ்கேன் செய்து குடல் அழற்சியா லிம்ஃபோமா என்ற குடல் புற்றுநோயா என்று பிரித்தறிய வேண்டும். சில வேளைகளில் குடலின் சிறு துண்டை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அத்தகைய பூனைகளைச் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்புவதும் உண்டு.

செம்பனைச்சாலை எழுதியது:

செல்லியைக் கொண்டுபோய் வந்துவிட்டோம். டி4 மிகவும் உயர்ந்திருக்கிறது, தைராய்டுதான். சர்க்கரை சரியாக இருக்கிறது. இரத்த அழுத்தம் சற்று அதிகம். கிரியேட்டினின் இயல்பான எல்லைக்குள் இருந்தாலும், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அது எனக்குப் புரியவில்லை. தைராய்டுச் சுரப்பைக் குறைக்கும் மெதிமசோல் மாத்திரை காலையும் மாலையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மகள் கருவுற்றிருக்கிறாள், பகலில் அவள்தான் வீட்டில் இருப்பவள். அவள் கொடுக்கலாமா?

கிளினிக் மேசை எழுதியது:

காரணம் தெரிந்ததே பெரிய நிம்மதி, அக்கா. தைராய்டு மிகையாகச் சுரக்கும்போது இதயம் வேகமாக இயங்கி, சிறுநீரகத்துக்கு இரத்தம் அதிகமாகப் பாய்கிறது. அதனால் பழுதுபட்ட சிறுநீரகமும் நன்றாக வேலை செய்வதுபோல் தெரியும். தைராய்டு அடங்கிய பிறகுதான் அதன் உண்மை நிலை வெளிப்படும். அதனால்தான் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் டி4, சிறுநீரகம், இரத்த அழுத்தம் மூன்றையும் மீண்டும் பார்க்கச் சொல்வார்கள். அப்போது கிரியேட்டினின் ஏறினால் மருந்து கெடுத்துவிட்டது என்று நினைத்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவர் அளவை மாற்றுவார். முகத்தைப் புண்ணாகும்வரை சொறிந்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, தீனியை விட்டுவிட்டாலோ உடனே சொல்லுங்கள். பக்கவிளைவுகள் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் வருபவை. கண்மணி அகலமாக விரிந்து, பூனை சுவரில் முட்டிக்கொண்டால் அது இரத்த அழுத்தத்தால் பார்வை போவதன் அடையாளம். அன்றே பார்க்க வேண்டும்.

உங்கள் மகள் மாத்திரையைத் தொட வேண்டாம். இந்த மருந்து கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது. காலையும் மாலையும் என்பதால், நீங்கள் வேலைக்குப் போகுமுன் ஒன்றும் திரும்பியபின் ஒன்றும் கொடுத்துவிடலாம். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கொடுத்தபின் கையைக் கழுவுங்கள். மருந்தின் ஒரு பகுதி சிறுநீரில் வெளியேறுவதால் மணல் தட்டை அள்ளும் வேலையையும், செல்லி வாந்தி எடுத்தால் துடைக்கும் வேலையையும் பிள்ளை பிறக்கும்வரை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். கருவுற்றவர்கள் பூனையின் மலத்தைத் தொடாதிருப்பது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி காரணமாகவும் நல்லது. செல்லியைத் தடவுவதற்கும் மடியில் வைத்துக்கொள்வதற்கும் தடையில்லை.